கோரம் சேராத கூட்டம்

எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு நிர்வாகக் கமிட்டி உண்டு. அங்கத்தினர்கள் 13 பேர். அவர்களில் 7 பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். அதற்கு ஒருவர் குறைந்தாலும் வந்தவர்கள் காப்பி சாப்பிட்டுவிட்டுக் கலைய வேண்டியதுதான். இந்த எண்ணிக்கைக்குக் 'கோரம்' என்று பெயர். லத்தீனிலிருந்து இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து நம் ஊர்க் கமிட்டிகளுக்கு வந்து சேர்ந்த வார்த்தை. ஆனால் எங்கள் கமிட்டியார் ஒன்றுகூடியபோது நடந்தவற்றைப் பார்த்தவர்கள், அது சுத்தமான தமிழ் வார்த்தைதான் என்று சத்தியம் செய்வார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நாளில் என் தகப்பனார் அந்தக் கமிட்டிக்குக் காரியதரிசி. வாசகசாலையின் முன் அறையைப் பாத்திரக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்று அப்போது ஒரு கோஷ்டி கிளம்பிற்று. அவர்கள் பக்கம் 8 பேர் இருந்தார்கள். கூட்டம் கூடினால் தீர்மானம் நிறைவேறிவிடும் என்பது அப்பாவுக்குத் தெரியும். காரியதரிசி என்ற முறையில் அவரே நோட்டீஸ் எழுதினார். சேவகர் கவர்களை மைதாப் பசை போட்டு ஒட்டி, திண்ணையில் காயவைத்துவிட்டு, டீ சாப்பிடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் தெருவோடு போன ஓர் ஆடு கவர்களில் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்துவிட்டது. திட்டு வாங்க அஞ்சிய சேவகர் மிஞ்சியதை மட்டும் விநியோகித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். குறித்த தினத்தில் 5 பேர் வந்தார்கள். கோரம் இல்லை. அதன் பிறகு அந்தக் கோஷ்டிக்குள்ளேயே மனஸ்தாபம் வந்து விஷயம் அமுங்கிப்போயிற்று.

அந்த ஆட்டுக்கு யார் மீதும் விரோதம் கிடையாது. வாசகசாலையின் மீது அபிமானமும் கிடையாது. அது பசைக்காகத் தின்றது. ஆனால் அந்த முன் அறையில் இன்றைக்கும் பெஞ்சு போட்டுப் பத்திரிகை படிக்கிறார்கள்.

இந்தப் பழங்கதை பல வருஷங்களுக்குப் பிறகு எனக்கு ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஞாபகம் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. செருப்பு கடித்து வலது காலில் சிறு புண் வந்தது. எங்கள் அலட்சியமும் ஆஸ்பத்திரியின் தாமதமும் கலந்து அது பெரும் புண்ணாயிற்று. தினம் கட்டுப் பிரிக்கும்போது துணியில் நீலமும் பச்சையுமாக ஒரு கறை இருக்கும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த காகிதத்தில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இந்த மருந்துக்கு இந்தக் கிருமி மசியாது என்ற அடையாளம். "சூடோமோனாஸ் ஏருஜினோஸா என்று பெயர், சார். பொல்லாத கிருமி" என்றார் இளம் டாக்டர். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

நான் கதை எழுதுகிறவன். கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்ததைத் தவிர விஞ்ஞானத்தோடு எனக்கு வேறு சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் அப்பாவின் காலைத் தின்ற பிராணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரு வெறி வந்தது. அப்படிப் படித்தபோதுதான், அந்தக் கிருமிக்கும் ஒரு கமிட்டி உண்டு, ஒரு கோரம் உண்டு என்று அறிந்தேன். அதன் நோட்டீஸைத் தின்னும் ஆடும் உலகத்தில் உண்டு என்று அறிந்தேன். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சரித்திரம் வெளிச்சத்தில் ஆரம்பிக்கிறது. 1672-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்ற பேரறிஞரின் வீட்டுச் சமையற்கட்டில் தொங்கிய கன்றிறைச்சி இருட்டில் பளபளவென்று ஒளி வீசிற்று. வேலைக்காரர்கள் பயந்துபோனார்கள். பாயில் பயப்படாமல் உட்கார்ந்து குறிப்பு எழுதினார். ஒளி வீசியது இறைச்சியல்ல, அதன் மேல் குடியேறிய பாக்டீரியா என்பது தெரிய அப்புறம் 200 வருஷம் ஆயிற்று.

ஒளி விடும் பாக்டீரியா கடலில் ஏராளம். அவற்றில் ஒன்றை அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் வளர்த்துவந்தார்கள். அவர்கள் கவனித்த விஷயம் சாதாரணமானது. கஞ்சியில் சில பாக்டீரியாக்களை விட்டால் அவை மளமளவென்று பெருகுகின்றன. ஆனால் வெளிச்சம் வருவதில்லை. மணிக்கணக்கில் இருட்டாகவே இருக்கிறது. பிறகு, கூட்டம் ஓர் அளவுக்கு நெருங்கியதும், எல்லாம் சேர்ந்து திடீரென்று ஒளி விடத் தொடங்குகின்றன. தனித்தனியே இருந்தபோது அவற்றுக்கு ஒளிவிடத் தெரியாமல் இல்லை. காத்திருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். எதற்காக? பக்கத்தில் எத்தனை பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது கண்ணும் காதும் இல்லாத ஓர் அணுப் பிராணிக்கு எப்படித் தெரியும்?

கென்னத் நீல்ஸன், டெர்ரி பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகிய மூவரும் 1970-இல் இதற்குப் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. தனியாக இருக்கும்போது அது நீரில் கரைந்து போய்விடுகிறது. கூட்டம் சேரச் சேர அந்தப் பொருளும் சேர்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும் அதுவே, 'எல்லோரும் வந்தாயிற்று, ஆரம்பிக்கலாம்' என்ற உத்தரவாக வேலை செய்கிறது. அதற்கு 5 வருஷம் முன்பே, 1965-இல், நிமோனியாக் கிருமிகளிடம் இதைப் போன்ற ஒரு சமிக்ஞையை அலெக்ஸாண்டர் தோமாஸ் என்பவர் கண்டு எழுதியிருந்தார். ஆனால் உலகம் காது கொடுக்கவில்லை. பாக்டீரியா என்றால் தின்னும், பிளக்கும், சாகும், அது பேசுமா? கடலில் ஏதோ ஒரு விநோதம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

1981-இல் எபர்ஹார்டும் அவருடைய சகாக்களும் அந்தச் சமிக்ஞைப் பொருளைப் பிரித்தெடுத்து அதன் உருவத்தைக் கண்டுபிடித்தார்கள். மிகச் சிறிய பொருள்தான். ஐந்து அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம், அதற்கு ஒரு வால். ரசாயன சாஸ்திரத்தில் இந்த வளையத்துக்கு லாக்டோன் என்று பெயர். 1983-இல் ஒளிவிடும் பரம்பரைக் கூறுகளை எடுத்து, நம் குடலில் வாழும் ஒரு சாதாரண பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அதுவும் கூட்டம் சேர்ந்ததும் ஒளி விட்டது. அப்போதும் இது ஓர் அழகான வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை 1990-க்குப் பிறகு விபரீதமாயிற்று. கடலைக் கண்டிராத பாக்டீரியாக்களிடமும் இதே வளையம், இதே வால் காணப்பட்டது. இனத்துக்கு இனம் வாலின் நீளம் மாறும். ஒரே பாஷையை ஜில்லாவுக்கு ஜில்லா வேறு ராகத்தில் பேசுவதுபோல. உருளைக்கிழங்கை அழுகச் செய்யும் எர்வினியா என்ற கிருமி இந்தப் பாஷையில்தான் பேசிற்று. 1993-இல், அதன் பேச்சை நிறுத்திவிட்டால் அதனால் கிழங்கை அழுகச் செய்ய முடியவில்லை என்று நிரூபித்தார்கள். அப்பாவின் காலில் இருந்த சூடோமோனாஸும் அதே கும்பல்தான். 1994-இல் ஃபுக்வா, வினான்ஸ், கிரீன்பெர்க் என்ற மூவர் இந்தக் குணத்துக்குப் பெயர் வைத்தார்கள். 'கோரம் உணர்தல்' என்பது அந்தப் பெயர்.

கிருமிக்கு இதனால் என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். நாலு பேராக இருக்கும்போது விஷத்தைக் கக்கினால் உடம்பின் காவல்காரர்கள் விழித்துக்கொண்டு நசுக்கிவிடுவார்கள். ஆகவே சாதுவாக இருக்க வேண்டும்; பெருக வேண்டும்; படை திரண்ட பிறகு ஒரே சமயத்தில் பாய வேண்டும். அப்பாவின் கட்டுத்துணியில் நான் பார்த்த நீலப்பச்சைக் கறையின் பெயர் பயோசயனின். கூட்டம் சேர்ந்த பிறகுதான் அந்தக் கிருமி அதைத் தாராளமாகத் தயாரிக்கிறது. அதாவது, அந்தக் கறையை நான் பார்த்த அன்றே அங்கே கோரம் சேர்ந்துவிட்டிருந்தது. கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

இனி ஆட்டின் கதைக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் லியன்-ஹுயி ஜாங் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஒரு கேள்வி கேட்டார்கள். கிருமிகள் பேசுகின்றன என்றால், அந்தப் பேச்சைக் கெடுக்கிறவர்களும் இயற்கையில் இருக்க வேண்டுமே! ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான பிராணிகள் இடித்துக்கொண்டு வாழ்கின்றன. ஒருவன் படை திரட்டும்போது அடுத்த வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? தேடினார்கள். மண்ணில் கிடைத்தது பாசில்லஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா. அது ஓர் என்ஸைமைத் தயாரித்தது. என்ஸைம் என்றால் நொதி. நம் வயிற்றில் சோற்றைக் கரைப்பதும் ஒருவகை நொதிதான். இந்த நொதி கிருமியைத் தொடுவதில்லை. கிருமியின் சமிக்ஞையைத் தொட்டது. வளையத்தில் ஓர் இடத்தில் ஒரு துளி நீரைச் சேர்த்து வளையத்தைத் திறந்துவிட்டது. அவ்வளவுதான். வளையம் திறந்த சமிக்ஞை, கிழிந்த நோட்டீஸ் மாதிரி; யாருக்கும் புரியாது.

யி-ஹு டோங் முதலானவர்கள் 2000-இல் இதை வெளியிட்டார்கள். நொதியின் பரம்பரைக் கூறை எர்வினியாவுக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். தன் பேச்சைத் தானே விழுங்கிக்கொண்ட அந்தக் கிருமியால் உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், காரட், முட்டைக்கோஸ் இனம் எதையும் முன்போல் அழுகச் செய்ய முடியவில்லை. மறு வருஷம் புகையிலைச் செடியிலும் உருளைக்கிழங்குச் செடியிலும் அந்த நொதியை ஏற்றினார்கள். செடிகள் வியாதியை எதிர்த்து நின்றன. கிருமி உயிரோடுதான் இருந்தது. கூட்டம் கூடவில்லை.

அதே 2000-ஆம் வருஷம் அமெரிக்காவில் லெட்பெட்டர், கிரீன்பெர்க் என்ற இருவர் கண்ட பாக்டீரியா எனக்கு இன்னும் நெருக்கமானது. வேரியோவோராக்ஸ் என்ற அந்த மண்வாசிக்குச் சமிக்ஞையைத் தவிர வேறு ஆகாரம் எதுவும் கொடுக்கவில்லை. அது சமிக்ஞையைத் தின்றே வளர்ந்தது. அதற்கு யார் மீதும் விரோதம் இல்லை. அது பசிக்குத் தின்றது. எங்கள் ஊர் ஆட்டை அன்றைக்குத்தான் நான் மறுபடியும் நினைத்துக்கொண்டேன்.

இந்த நொதிகளில் மூன்று ஜாதி உண்டு என்று பிறகு தெரிந்தது. வளையத்தைத் திறப்பது ஒன்று. வாலை அறுத்துவிடுவது ஒன்று. வாலின் வடிவத்தைச் சற்று மாற்றி, சொல்லைக் கொச்சையாக்கிவிடுவது மற்றொன்று. வளையத்தைத் திறப்பதில் ஒரு குறை இருக்கிறது. புளித்த சூழ்நிலையில் திறந்த வளையம் திரும்ப மூடிக்கொள்ளும். அறுத்த வால் ஒட்டாது.

இந்த இடத்தில் ஒரு பழைய குடும்ப வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. பென்ஸிலினிலும் ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் மருந்து செத்துவிடும். அப்படித் திறக்கும் நொதி பாக்டீரியாக்களிடம் இருக்கிறது என்று ஆப்ரஹாமும் செயினும் 1940 டிசம்பரிலேயே எழுதினார்கள். ஆக்ஸ்போர்டு போலீஸ்காரர் ஆல்பர்ட் அலெக்ஸாண்டருக்கு முதன்முதலாக அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தது 1941 பிப்ரவரியில். சிகிச்சை தொடங்குமுன்பே அதன் பகைவனை மனிதன் பார்த்துவிட்டான்! பார்த்தும் என்ன? மருந்தை அள்ளி வீசினோம். தப்பிப் பிழைத்த கிருமிகள் பெருகின. 2008-இல் இந்தியாவுக்கு வந்துபோன ஒரு நோயாளியிடம் ஸ்வீடனில் கண்டெடுத்த நொதிக்குப் புதுடில்லியின் பெயரையே வைத்தார்கள். 2010-இல் வெளியான ஆராய்ச்சியில் அது சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த கிருமிகளில் இருந்தது தெரியவந்தது.

சிங்கப்பூர்க்காரர்கள் கண்ட நொதியின் உருவத்தை 2005-இல் படம் எடுத்தபோது, அது அந்தப் புதுடில்லி நொதியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று உறுதியாயிற்று. அதே மடிப்பு; அதே துத்தநாக அணுக்கள்; அதே நீர் சேர்க்கும் வித்தை. ஒரு வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒருவன் நம் மருந்தை உடைக்கிறான். மற்றவன் நம் சத்துருவின் நோட்டீஸைக் கிழிக்கிறான். இயற்கைக்கு மருந்து, நோய் என்ற பேதம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வளையம்தான்.

இப்படிப்பட்ட நொதி நம் உடம்பிலேயே இருக்கிறது என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். பாலிடால் என்று நம் கிராமங்களில் பெயரெடுத்த பூச்சிமருந்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1958-இல் கேரளத்தில் அது கோதுமை மாவில் கலந்துவிட்டதால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த விஷம் உடம்புக்குள் போனதும் பாராக்ஸான் என்ற பொருளாக மாறுகிறது. அதை உடைக்கும் நொதி ஒன்று ரத்தத்தில் இருப்பதைக் கண்டு, அதற்குப் பாராக்ஸானேஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் பாலிடால் மனிதன் நேற்றுச் செய்த சரக்கு. அந்த நொதியோ யுகயுகமாக நம்மோடு இருப்பது. அதன் சொந்த வேலை என்ன? 2004-இல் ஒரு வேலை தெரிந்தது. மனிதனின் மூச்சுக்குழாயை மூடியிருக்கும் செல்கள் சூடோமோனாஸின் சமிக்ஞையை உடைத்துப் போட்டன. பாராக்ஸானேஸ் குடும்பத்தாரின் கைவேலை அது என்று பிறகு தெளிவாயிற்று. பழ ஈக்களுக்கு இந்த நொதி கிடையாது. 2008-இல் மனித நொதியை ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சூடோமோனாஸ் தொற்றிய ஈக்கள் முன்னைவிட அதிகம் பிழைத்தன.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் ரத்தத்திலும் அந்த நொதி ஓடிக்கொண்டுதானே இருந்திருக்கும்? கால் வரைக்கும் போய்ப் போராடித்தானே பார்த்திருக்கும்? சர்க்கரை வியாதியில் கால் விரல்களுக்கு ரத்தமே சரியாகப் போவதில்லை. ஆடு இருந்தது, தெருதான் அடைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு புதுமை கிடைத்ததும் அதுவே சர்வரோக நிவாரணி என்று கூத்தாடுவது பென்ஸிலின் காலத்துப் பிழை. அதை மறுபடி செய்யக்கூடாது. புண்ணில் சாதாரணமாகக் காணும் ஸ்டாபிலோகாக்கஸ் இந்த வளையப் பாஷையே பேசுவதில்லை. அதற்கு வேறு பாஷை. காலராக் கிருமியோ எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது அது விஷம் கக்கும். கூட்டம் பெருகியதும் நிறுத்திவிட்டு அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பும். அதன் பேச்சைக் கெடுத்தால் நமக்கே ஆபத்து. 2010-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், மூச்சுக்குழல் பொருத்திய நோயாளிகளின் சூடோமோனாஸைப் பேசவிடாமல் ஒரு மருந்தால் அடக்கிப் பார்த்தார்கள். மருந்து பெறாதவர்களிடம் நாளடைவில் பேச்சை மறந்த சோம்பேறிக் கிருமிகள் மிகுந்தன. மருந்து பெற்றவர்களிடமோ பேசத் தெரிந்த, பொல்லாத கிருமிகளே நிலைத்துவிட்டன. பேச்சை மறிக்கும் ரசாயனத்துக்கும் கிருமிகள் ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்ளும் என்று 2012-இல் காட்டியிருக்கிறார்கள். தென்கொரியாவில் கழிவுநீர் வடிகட்டிகளில் கிருமிகள் பாசிபோல் படியாதிருக்க இந்த வித்தையை வெற்றிகரமாகச் சோதித்தார்கள். ஆனால் அப்பாவைப் போன்றவர்களின் புண்ணில் தடவ, இந்த நொதி மருந்துக் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எழுத்தாளனாக இருந்துகொண்டு, பேச்சை அடக்கும் வித்தையைப் புகழ்கிறேனே என்று எனக்கே ஒரு கூச்சம் இருந்தது. யோசித்துப் பார்த்ததில் கூச்சம் கொஞ்சம் குறைந்தது. மண்ணில் பேசுகிறவனும் இருக்கிறான். பேச்சைத் தின்கிறவனும் இருக்கிறான். யுகக்கணக்காக இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஒருவன் மற்றவனை வேரறுக்கவில்லை. நாம்தான் பூண்டோடு ஒழிப்போம் என்று கிளம்பினோம். நம் கையிலிருந்த ஆயுதங்கள் மழுங்கியதுதான் மிச்சம். கொல்லாமல், கூடவிடாமல் செய்தால் போதும் என்ற மிதமான ஆசை, மண்ணுக்கு எப்போதோ தெரிந்த பாடம். அதை நாம் சிங்கப்பூர் மண்ணில் 2000-இல் படிக்க ஆரம்பித்திருக்கிறோம்.

இவற்றையெல்லாம் ஒரு சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"ஏண்டா, கிருமிக்குக் கூடவா காரியதரிசி, கமிட்டி எல்லாம்?"

"காரியதரிசி கிடையாது, அப்பா. எல்லோரும் நோட்டீஸ் எழுதுகிறார்கள். எல்லோரும் படிக்கிறார்கள்."

"அப்படியானால் நம்ம கமிட்டியைவிட ஒழுங்காகத்தான் நடக்கிறது" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வேஷ்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, "ஆடு கொஞ்சம் லேட்டாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கட்டையை ஊன்றிக்கொண்டு, வாசகசாலையின் முன் அறைக்குப் பத்திரிகை படிக்கப் புறப்பட்டார்.